மெமன்டினும் எஸ்கீட்டமினும்

இரண்டு மருந்துகளுமே மூளையில், நரம்புச் செல்களுக்கிடையே சமிக்ஞை கடத்தும் குளூட்டமேட் என்ற வேதிப்பொருள் வந்து ஒட்டும் இடங்களில் ஒன்றான என்எம்டிஏ ஏற்பியைத்தான் அடைக்கின்றன. பயன்தான் வேறு வேறு.

மெமன்டின் மாத்திரை. நடுத்தர, முற்றிய நிலை அல்சைமர் மறதிநோய்க்கு அமெரிக்காவில் 2003-இல் அனுமதி பெற்றது. ஏற்பியில் லேசாக ஒட்டிச் சட்டென விலகிவிடும். அதனால் இயல்பான சமிக்ஞைகள் அதிகம் கெடுவதில்லை. ஆனால் பலனும் சுமார்தான், நோய் நிற்காது.

எஸ்கீட்டமின், பழைய மயக்க மருந்தான கீட்டமினிலிருந்து வந்தது. மற்ற மருந்துகளுக்கு மசியாத மனச்சோர்வுக்கு, மூக்கில் அடிக்கும் ஸ்பிரேயாக 2019-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. வழக்கமான மாத்திரைகள் வாரக்கணக்கில் இழுக்க, இது சிலருக்கு ஒரே நாளில் வேலை செய்கிறது. தொல்லையும் உண்டு: உடலைவிட்டு விலகியது போன்ற உணர்வு, ரத்த அழுத்த உயர்வு, அடிமையாகும் ஆபத்து. ஆகவே வீட்டுக்குக் கொடுத்தனுப்புவதில்லை; ஸ்பிரே அடித்தபின் மருத்துவக் கண்காணிப்பில் 2 மணி நேரமாவது உட்கார வேண்டும்.

சரி, மனச்சோர்வுக்கு மெமன்டினையே கொடுத்தால்? சோதித்தார்கள், கீட்டமின் போல அது கைகொடுக்கவில்லை.