ஃபைல் பெயர் இருந்தது, டிரேஸ் இல்லை: ஓடிடிஆர் வைத்திருப்பவர்கள் பென்டிரைவைச் சோதித்துவிடுங்கள்

ஓடிடிஆர் (ஃபைபர் கேபிளுக்குள் ஒளியை அனுப்பி, எங்கே எவ்வளவு ஒளி குறைகிறது என்று அளக்கும் மெஷின்) வைத்து ஃபைபர் வேலை பார்ப்பவர்கள் தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள். போன மாதம் 96 டிரேஸ் ஃபைல்களை, அதாவது அந்த மெஷின் வரைந்து தரும் அளவுக் கோடுகளை, இழந்தேன். மெஷினில் ஒரு கோளாறும் இல்லை. ஒரே கடையில் வாங்கிய 450 ரூபாய் பென்டிரைவும் 120 ரூபாய் கேபிளும் சேர்ந்து செய்த வேலை இது.

என்னுடையது செகண்ட் ஹேண்டில் வாங்கிய மெஷின். பழைய மாடல், உள்ளே 1000 டிரேஸ்தான் நிற்கும். மேல்பக்கம் ரப்பர் மூடிக்குள் இரண்டு யூஎஸ்பி போர்ட்: பெரியது பென்டிரைவுக்கு, சின்ன மினி யூஎஸ்பி லேப்டாப்புக்கு. பழைய கேபிள் தொலைந்துபோனதால், சென்னை போனபோது ரிச்சி தெருவில் ஒரு கடையில் புதுக் கேபிளும் பென்டிரைவும் கேட்டேன். அந்தத் தெருவில் பல வருடமாக எனக்கு நேர்மையாகச் சாமான் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அன்றைக்கு அவர்களிடம் போகாமல் புதுக் கடைக்குப் போனேன்.

நான் கேட்டது 16 ஜிபி. “16 எல்லாம் இப்ப வர்றதில்லண்ணே, 128 எடுத்துக்கங்க, 450தான்” என்றார். என் மெஷின் ஃபேட்32 என்ற ஃபார்மேட்டைத் தவிர வேறெதையும் படிக்காது என்று சொன்னேன். விண்டோஸில் ரைட் கிளிக் செய்து ஃபார்மேட் போட்டால் 32 ஜிபிக்கு மேல் ஃபேட்32 கிடைக்காது. அவரே வேறொரு சாஃப்ட்வேரில் ஃபார்மேட் போட்டுத் தந்தார். மெஷினில் செருகிப் பார்த்தேன், எடுத்துக்கொண்டது. பில் கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டில் தொகையை எழுதிக் கொடுத்தார். அவசரத்தில் அதை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இடம் நிறைய இருக்கிறதே என்று பழைய சைட்களின் போட்டோ, வீடியோ எல்லாம் சேர்த்து 9 ஜிபியை அதில் போட்டேன். புது வேலைக்கு ஒரு ஃபோல்டரை மட்டும் முதலிலேயே உருவாக்கி வைத்திருந்தேன். இது ஏன் முக்கியம் என்று பின்னால் சொல்கிறேன்.

வேலை 18 கிலோமீட்டர் கேபிள், உள்ளே 24 கோர் (ஃபைபர் இழை). ஒரு முனையிலிருந்து மட்டும் பார்த்தால் சில ஜாயிண்ட்களில் லாஸுக்கு (ஒளி இழப்புக்கு) பதிலாகப் பொய்யாக கெயின், அதாவது ஒளி கூடியதுபோல், காட்டும். இரண்டு பக்கமும் எடுத்துச் சராசரி பார்த்தால்தான் உண்மையான லாஸ் தெரியும். அதனால் கோருக்கு நாலு டிரேஸ்: 1310, 1550 நானோமீட்டர் என்ற இரண்டு ஒளி அலைநீளங்களிலும், இரண்டு பக்கமிருந்தும். 14ஆவது கோரில் 11ஆவது கிலோமீட்டர் ஜாயிண்டில் 1550-இல் மட்டும் கோடு சட்டென்று இறங்கியது, 1310-இல் ஒன்றும் தெரியவில்லை. மடிப்பு இருந்தால் 1550-இல்தான் அதிகம் தெரியும். டிரேயில் ஃபைபர் எங்கோ மடங்கியிருக்கிறது என்று புரிந்து, மதிய வெயிலில் குளோஷரை (ஜாயிண்டும் டிரேயும் இருக்கும் பெட்டியை) திறந்து, சுருளைப் பிரித்து மறுபடி சுற்றினோம். அடுத்த ரீடிங்கில் கோடு நேராக வந்தபோது என் கூட வேலை பார்க்கும் தம்பி கைதட்டினான். அந்த டிரேஸும் போய்விட்டது.

சாயங்காலம் மினி கேபிளில் லேப்டாப்போடு இணைத்தேன். எந்த அசைவும் இல்லை. கடைக்குப் போன் போட்டேன், “டிரைவர் இன்ஸ்டால் பண்ணுங்கண்ணே” என்றார். ஒரு மணி நேரம் அதோடு மல்லாடினேன். பிறகு ஒருநாள் அந்தக் கேபிளை வெட்டிப் பார்த்தேன். சிவப்பும் கறுப்பும் மட்டும் இருந்தன. டேட்டா போகிற பச்சை, வெள்ளைக் கம்பிகள் இல்லவே இல்லை. வெறும் சார்ஜிங் கேபிளை டேட்டா கேபிள் என்று விற்றிருக்கிறார்.

வேறு வழியில்லாமல் பென்டிரைவில் காப்பி போட்டேன். மெஷின் 100 சதவீதம் காட்டியது. ஃபோல்டரில் 96 பெயரும் இருந்தன, அளவும் சரி. மறுநாள் வேறு சைட், மெஷினில் இடமில்லை. பெயர்களைப் பார்த்த தைரியத்தில் உள்ளிருந்ததை அழித்துவிட்டேன்.

கான்ட்ராக்டர் ஆபீசில் முதல் ஃபைலைத் திறந்தால் எர்ரர். இரண்டாவதும் அப்படியே. கடைசிவரை ஒன்றுகூடத் திறக்கவில்லை. அங்கிருந்த ஒரு பையன் ஃபைலின் ஒவ்வொரு பைட்டையும் காட்டுகிற ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து காட்டினான்: முதல் பைட்டிலிருந்து கடைசி வரை பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம்.

அன்று இரவு ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளைப் போட்டு விட்டேன். பென்டிரைவ் முழுக்க எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்க்கிற மென்பொருள். லினக்ஸில் எஃப்3 இதே வேலையைச் செய்யும். காலையில் பார்த்தால் 7.4 ஜிபி மட்டும்தான் நல்லது. உள்ளே இருப்பது 8 ஜிபி சிப். அதன் கன்ட்ரோலரை 128 என்று பொய் சொல்ல வைத்திருக்கிறார்கள். உண்மையான இடம் தீர்ந்த பிறகு எழுதுவதெல்லாம் எங்கும் பதிவாகாது, ஆனால் எர்ரரும் வராது. பெயர்ப் பட்டியல் மட்டும் தப்பிக்கக் காரணம், ஃபோல்டரை நான் முதலிலேயே உருவாக்கியது. அது நல்ல பகுதியில் உட்கார்ந்திருந்தது.

மறுபடி சென்னை போய்க் கேட்டேன். “128 வாங்கினா 119தான் காட்டும், எல்லாக் கம்பெனியும் அப்படித்தான்” என்றார். கம்பெனி 1000-இலும் விண்டோஸ் 1024-இலும் கணக்குப் போடுவதால் அது உண்மைதான், ஆனால் நான் கேட்டது அதையல்ல. டெஸ்ட் ரிசல்ட்டைக் காட்டினேன். “டேட்டாவுக்கெல்லாம் கேரன்டி கிடையாது” என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுக்கலாம். ஆனால் என் கையில் இருப்பது கடை பெயர்கூட இல்லாத துண்டுச் சீட்டு. ஜிஎஸ்டி பில் வாங்காமல் கடையை விட்டு வெளியே வராதீர்கள்.

18 கிலோமீட்டரையும் மறுபடி அளந்தோம். நாலு நாள், இரண்டு பேர் கூலி, வண்டி டீசல் எல்லாம் என் கையிலிருந்துதான். பில் பாஸாக மூன்று வாரம் தள்ளிப்போனது.

இப்போது பழக்கமான கடையில் பில்லோடு வாங்கிய 16 ஜிபி பென்டிரைவ், அதில் டிரேஸ் மட்டும். காப்பி ஆனதும் வெளியே எடுத்து, லேப்டாப்பில் நாலைந்து ஃபைலைத் திறந்து கோட்டைக் கண்ணால் பார்க்கிறேன். அப்புறம் லேப்டாப்பிலும் ஒரு காப்பி. அதுவரை மெஷினில் எதையும் அழிப்பதில்லை. புதுக் கேபிள் வாங்கினால் கடையிலேயே போனையோ மெஷினையோ மாட்டி, ஒரு ஃபைலை அனுப்பிப் பார்த்த பிறகுதான் காசு கொடுக்கிறேன்.

மலிவு விலையில் 128, 256 என்று யாராவது சமீபத்தில் வாங்கியிருந்தால், அதில் இருப்பதை வேறிடத்தில் வைத்துவிட்டு இன்று ராத்திரியே டெஸ்ட்டைப் போட்டு விடுங்கள். ஒரிஜினல் டிரேஸ் இன்னும் உங்கள் மெஷினுக்குள் இருக்கும்போதே.