நான்கு கார்டு டவரா, சின்னப் பெட்டியா, பழைய சர்வரா?

ஏஐ மாடல்களுக்கோ சிமுலேஷனுக்கோ மேசையோரம் ஒரு சூப்பர் கம்ப்யூட்டர் வைக்க நினைப்பவர்கள் கிராஃபிக்ஸ் கார்டு விலை பார்ப்பதற்கு முன் சுவரில் இருக்கும் பிளக்கைப் பாருங்கள்.

என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3090 கார்டு நான்கு போட்ட டவரில் 96 ஜிபி கிராஃபிக்ஸ் மெமரி கிடைக்கும். கார்டுக்கு 350 வாட். பிராசசரும் விசிறிகளும் சேர 1,800 வாட்டைத் தொடும். 230 வோல்ட், 16 ஆம்பியர் பிளக் இதைத் தாங்கும். 120 வோல்ட், 15 ஆம்பியர் லைனில் தொடர்ந்து எடுக்கத்தக்கது 1,440 வாட்தான். 1,800 வாட்டில் நாள் முழுக்க ஓடினால் 43 யூனிட் கரண்ட். அத்தனையும் சூடாக அறைக்குள்ளேயே இறங்குவதால் அரை டன் ஏசி இதற்கே சரியாகிவிடும்.

டவரில் பெரிய தலைவலி, வேலை ஓடும்போதே பொசுக்கென்று அணைந்துபோவது. 3090 சில மில்லிசெகண்டுகளுக்கு 350 வாட்டைத் தாண்டித் துள்ளும். நான்கும் ஒரே நேரத்தில் துள்ளினால் பவர் சப்ளையின் பாதுகாப்பு சர்க்யூட் வெட்டிவிடும். கார்டைக் கட்டுப்படுத்தும் என்விடியா-எஸ்எம்ஐ கட்டளையில் கார்டுக்கு 250 வாட் என்று வரம்பு வையுங்கள். 400 வாட் மிச்சம். வேகம் அந்த விகிதத்தில் குறையாது. ரீஸ்டார்ட் ஆனால் வரம்பு போய்விடும், அதனால் ஸ்டார்ட்அப் ஸ்கிரிப்டில் எழுதிவிடுங்கள். இந்தக் கார்டில் மெமரி சிப்கள் பின்பக்கமும் இருக்கின்றன. ஒட்டி ஒட்டிச் செருகினால் முதலில் கொதிப்பது அதுதான். கார்டை மதர்போர்டிலிருந்து தள்ளி வைக்க உதவும் ரைசர் கேபிள் போட்டு இடைவெளி விட வேண்டும்.

என்விடியாவின் டிஜிஎக்ஸ் ஸ்பார்க் மாதிரிச் சின்னப் பெட்டியில் இந்தத் தொல்லை இல்லை: 240 வாட் அடாப்டர், பிராசசரும் கிராஃபிக்ஸும் பகிரும் 128 ஜிபி பொது மெமரி. இடறுவது மெமரி வேகத்தில். 3090 நொடிக்கு 936 ஜிபி படிக்கும், இது 273. 70 பில்லியன் எண்கள் கொண்ட மொழி மாடலை, எண்ணுக்கு நான்கு பிட் என்று சுருக்கினால் சுமார் 40 ஜிபி. மாடல் எழுதும் ஒவ்வொரு டோக்கனுக்கும், அதாவது சொல் துண்டுக்கும், அதை முழுதாகப் படித்தாக வேண்டும். வகுத்துப் பார்த்தால் பெட்டியில் நொடிக்கு 7 டோக்கன்கூடத் தேறாது. இரண்டு 3090-இல் பிரித்துப் போட்டால், ஒன்றன்பின் ஒன்றாக வேலை செய்தாலும் உச்சம் 23. பெட்டியின் மெமரி போர்டிலேயே பற்றவைக்கப்பட்டது, பிறகு கூட்ட முடியாது.

பழைய ரேக் சர்வர் உட்காரும் அறைக்கு ஆகாது. இரைச்சலில் போன்கூடப் பேச முடியாது. ஆனாலும் எண்ணுக்கு 64 பிட் துல்லியம் கேட்கும் சிமுலேஷனில் அதுதான் ஜெயிக்கும்: அதில் வரும் என்விடியாவின் வி100 கார்டு 7 டெராஃப்ளாப் (நொடிக்கு 7 லட்சம் கோடி கணக்கு) தரும், 3090 அரை டெராஃப்ளாப் சொச்சம். என்விடியா கார்டுகளில் கணக்கு ஓட்டும் மென்பொருளான குடாவின் 13-ஆம் பதிப்பு வி100-ஐக் கைவிட்டுவிட்டதால் 12-லேயே நின்றுவிட வேண்டும்.

வாரக்கணக்கில் ஓடும் பயிற்சிக்கு வரம்பு வைத்த டவரைத்தான் சொல்வேன். கூடவே, கரண்ட் போனதும், விட்ட இடத்திலிருந்து தொடர உதவும் செக்பாயின்ட்டைச் சேமித்துவிட்டு மெஷினை ஒழுங்காக அணைக்கும் ஸ்கிரிப்டும், அதுவரை தாங்கும் யுபிஎஸ்ஸும் வேண்டும். முழு லோடில் ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிச் சோதித்த பிறகே நீண்ட வேலையைத் தொடங்குங்கள்.