கேட்டர்ஹாம் செவன் 270: எடை குறைந்த டிராக் காரின் வடிவமைப்பும் பாதுகாப்பும்

என்னிடம் இருப்பது கேட்டர்ஹாம் செவன் 270. எடை சுமார் 540 கிலோ, ஃபோர்டின் 1.6 லிட்டர் சிக்மா எஞ்சின்; 135 குதிரைத்திறன். இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் வசிக்கும் நான் இதை ஒருவரிடமிருந்து பழைய காராக வாங்கி, சில ஆண்டுகளாக வார இறுதிச் சாலைப் பயணங்களுக்கும், பிராண்ட்ஸ் ஹாட்ச், பெட்ஃபோர்ட், ஸ்னெட்டர்ட்டன் ஆகிய இடங்களில் நடக்கும் டிராக் டேக்களுக்கும் (சொந்தக் காரைப் பந்தய ஓடுதளத்தில் ஓட்டிப் பார்க்கும் நாட்கள்) பயன்படுத்தி வருகிறேன். இதைப் பார்ப்பவர்கள் முதலில் கேட்பது வேகத்தைப் பற்றி. அடுத்து கேட்பது, இதில் உட்காருவது பாதுகாப்பா என்பது. இரண்டாவது கேள்விக்கு நான் வந்தடைந்திருக்கும் விடை இதுதான்: முறையான சாதனங்களோடு சர்க்யூட்டில், அதாவது பந்தய ஓடுதளத்தில், ஓட்டினால் இது நம்பத்தகுந்த கார், பொதுச் சாலையில் இது பலவீனமான கார், சாலைக்கும் டிராக்குக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று அரைகுறையாகச் சாதனங்கள் பொருத்தப்பட்ட செவன், இந்த இரண்டு நிலைகளையும் விட ஆபத்தானது.

இந்தக் காரின் அடிப்படை வடிவம் 1957இல் காலின் சாப்மன் லோட்டஸ் செவன் என்ற பெயரில் வெளியிட்டது. லோட்டஸ் அதைக் கைவிட்ட பிறகு, 1973இல் கிரஹாம் நியர்னின் கேட்டர்ஹாம் நிறுவனம் தயாரிப்பு உரிமையைப் பெற்றது. எஃகுக் குழாய்களைப் பற்றவைத்துச் செய்த கூடு, அதன் மேல் அலுமினியத் தகடு, ஃபைபர்கிளாஸ் மூக்கும் மட்கார்டுகளும் என்ற அமைப்பு இன்றும் மாறவில்லை. கூரையும் உண்மையான கதவுகளும் இல்லை. துணியாலான பக்கத் திரைகளைக் கழற்றி வைத்துவிட்டால், முழங்கை காருக்கு வெளியே இருக்கும்.

எடை குறைந்தால் நிறுத்தும் தூரமும் அதே விகிதத்தில் குறைந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். டயரின் பிடி அதன் மீது விழும் எடையைப் பொறுத்தது என்பதால் அப்படி நடப்பதில்லை; பிடியில் கிடைக்கும் ஆதாயம் உண்மையானதுதான், ஆனால் அளவானது. பெரிய ஆதாயம் வெப்பத்தில் இருக்கிறது. ஓட்டுநரையும் சேர்த்து 620 கிலோ எடையுள்ள இந்தக் கார், 1,400 கிலோ எடையுள்ள ஒரு சாதாரணக் காரின் வேகத்திலேயே வந்து நிற்கும்போது, பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் பாதிக்கும் கீழே. அதனால் இருபது நிமிட ஓட்டத்தின் கடைசிச் சுற்றிலும் பிரேக் மிதி முதல் சுற்றில் இருந்த அதே உயரத்தில், அதே அழுத்தத்தில் நிற்கிறது. கனமான, சக்தி மிக்க கார்கள் சில சுற்றுகளிலேயே பிரேக் சூடேறி, மிதி மென்மையாகி, கார்களை நிறுத்தும் பிட் பகுதிக்குத் திரும்புவதை டிராக் டேக்களில் அடிக்கடி காண்கிறேன். ஒவ்வொரு வளைவுக்கு முன்னாலும் பிரேக் நேற்றுப் போலவே இன்றும் பிடிக்கும் என்ற உறுதி, எந்த விளம்பரத்திலும் பாதுகாப்புச் சாதனமாக எழுதப்படுவதில்லை. என் அனுபவத்தில் இந்தக் காரின் முதன்மையான பாதுகாப்பு அதுதான்.

இரண்டாவது, தகவல். ஓட்டுநர் பின் அச்சுக்குச் சற்று முன்னால், தரையிலிருந்து ஒரு சாணுக்குள் உட்கார்ந்திருக்கிறார். பின் டயர் வழுக்கத் தொடங்கும்போது இடுப்பு அதை முதலில் அறிகிறது. மின் உதவியோ ஹைட்ராலிக் உதவியோ இல்லாத ஸ்டீயரிங், முன் டயரின் பிடி தளர்வதை உள்ளங்கைக்குச் சொல்கிறது. பிராண்ட்ஸ் ஹாட்ச்சின் பேடக் ஹில் வளைவில் மேட்டின் உச்சியைத் தாண்டும் வரை வளைவின் அடிப்பகுதி கண்ணுக்குத் தெரியாது. கார் வலப்புறம் திரும்பிக்கொண்டே சரிவில் இறங்கும். வெளிப்புறத்தில் சரளைக்கல் படுகை காத்திருக்கும். அந்த இடத்தில் பின்பக்கம் சற்று விலகினால், திருத்துவதற்கான நேரம் செவனில் கிடைக்கிறது. அதே வளைவை வேறு கனமான கார்களில் கடந்தபோது எனக்கு அந்தச் செய்தி தாமதமாகவே வந்தது.

இந்த நன்மைகளுக்கு எதிர்ப்பக்கமும் உண்டு. சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் ஏபிஎஸ் கிடையாது, மிதியை அழுத்த உதவும் பிரேக் சர்வோ கிடையாது, சறுக்கலைக் கட்டுப்படுத்தும் மின்னணு உதவியும் கிடையாது. ஈரமான தளத்தில் முன் சக்கரம் பூட்டிக்கொள்வது மிக எளிது. டயர்கள் குறித்தும் ஒன்று சொல்ல வேண்டும். சாதாரணக் காரில் 30 பிஎஸ்ஐக்கு மேல் காற்றடிக்கும் இடத்தில், இதில் நான் குளிர்ந்த நிலையில் 18 பிஎஸ்ஐ வைக்கிறேன். இவ்வளவு குறைந்த எடை டயரை எளிதில் சூடேற்றுவதில்லை. நவம்பர் காலையில் டிராக்குக்கான மென் டயர்களோடு பொதுச் சாலையில் இறங்கினால், அவை வேலை செய்யும் வெப்பநிலைக்கு வருவதற்கு முன்பே பயணம் முடிந்துவிடும். உலர்ந்த டிராக்கில் உயிரைக் காக்கும் அதே டயர், குளிர்ந்த ஈரச் சாலையில் எதிரியாகிறது. குளிர்காலம் முழுவதும் சாலைக்கான டயர்களையே வைத்திருப்பது என் வழக்கம். வேகத்தில் இழப்பது மிகச் சிறிது.

பொதுச் சாலையில் இதன் பலவீனம் ஓட்டுநரின் திறமையோடு தொடர்பற்றது; அது இயற்பியல். செவன் ஓட்டுநரோடு சேர்த்து 620 கிலோ, எதிரே வரும் எஸ்யூவி அதைப் போல மூன்று மடங்கு, அதாவது 1,860 கிலோ என்று கொள்வோம். இரண்டும் மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் நேருக்கு நேர் மோதி ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டால், உந்த அழிவின்மை விதிப்படி இரண்டும் எஸ்யூவி வந்த திசையில் 25 கி.மீ. வேகத்தில் நகரும். எஸ்யூவியில் இருப்பவர் அனுபவிக்கும் வேக மாற்றம் 25 கி.மீ.; செவனில் இருப்பவருக்கு அது 75 கி.மீ. கூட்டை எவ்வளவு வலுவாகச் செய்தாலும் இந்தக் கணக்கு மாறாது. அந்த 75 கி.மீ. மாற்றம் எவ்வளவு தூரத்தில், எவ்வளவு நேரத்தில் நிகழ்கிறது என்பதை மட்டுமே வடிவமைப்பாளர் மாற்ற முடியும். செவனின் முன்பக்கத்தில் நசுங்குவதற்கென்று திட்டமிட்டு ஒதுக்கிய இடம் மிகக் குறைவு. பக்கவாட்டு மோதலில் நிலை இன்னும் மோசம். எஸ்யூவியின் பம்பர் இருக்கும் உயரத்தில் செவனில் இருப்பது ஓட்டுநரின் விலாவும் தோளும்.

சர்க்யூட்டில் இந்தக் கணக்கின் பெரும்பகுதி அர்த்தமிழக்கிறது. எல்லாக் கார்களும் ஒரே திசையில் செல்கின்றன. குறுக்குச் சாலை இல்லை. மரமும் மின்கம்பமும் இல்லை. பிரிட்டனின் டிராக் டேக்களில் பந்தயம் கிடையாது, நேரம் குறிப்பதற்கு அனுமதி இல்லை, முன்னால் செல்பவர் ஒப்புதல் காட்டிய பிறகே முந்த வேண்டும். காரின் எடை குறைவு என்பதால், தடுப்பில் மோதினாலும் அங்கே உறிஞ்சப்பட வேண்டிய ஆற்றல் குறைவு. இடத்தைப் பொறுத்தும் ஆபத்து மாறும்: பெட்ஃபோர்டில் ஓடுதளத்தின் இருபுறமும் தாராளமான வெளி இருப்பதால் சுழன்றாலும் பெரும்பாலும் புல்லில்தான் நிற்போம், பிராண்ட்ஸ் ஹாட்ச்சில் தடுப்புகள் நெருங்கியே நிற்கின்றன. புதிதாகச் செவன் வாங்கியவர்கள் பெட்ஃபோர்ட் போன்ற திறந்த இடத்தில் தொடங்குவதையே நான் வலியுறுத்துவேன். சாலைக்கான காப்பீடு டிராக்கில் பொதுவாகச் செல்லாது என்பதால், அன்றைக்கென்று தனிக் காப்பீடு எடுக்க வேண்டும்.

அடுத்தது, எனக்கு மிகவும் கவலை தரும் அரைகுறை நிலை. செவன்களில் பரவலாகக் காணப்படும், இரு தோள் பட்டைகளும் இடுப்புப் பட்டையும் மட்டுமே உள்ள நான்குமுனை பெல்ட்டை எடுத்துக்கொள்வோம். தோள் பட்டைகளை இறுக்க இறுக்க, நடுவில் உள்ள கொக்கி மேலே இழுபட்டு, இடுப்பெலும்பின் மீது இருக்க வேண்டிய பட்டை வயிற்றுக்கு ஏறுகிறது. மோதலில் உடல் அந்தப் பட்டைக்கு அடியில் வழுக்கி முன்னே சென்றுவிடக்கூடும். இதன் விளைவு என்ன என்பதை மோட்டார் பந்தய உலகம் மிகுந்த விலை கொடுத்துக் கற்றது. 1970 செப்டம்பர் 5 அன்று மோன்சாவில் தகுதிச் சுற்றுப் பயிற்சியின்போது லோட்டஸ் 72 காரில் ஃபார்முலா 1 ஓட்டுநர் யோகன் ரிண்ட் இறந்தார். தீப்பிடித்தால் விரைந்து வெளியேற வேண்டும் என்பதற்காக அவர் தொடைகளுக்கு இடையிலான பட்டைகளை அணிவதில்லை; மோதலில் உடல் கீழே வழுக்கியதால் பெல்ட்டே அவருடைய கழுத்தை அறுத்தது. அந்த ஆண்டின் உலகச் சாம்பியன் பட்டம் அவருக்கு மறைவுக்குப் பின்பே கிடைத்தது. அரை நூற்றாண்டுக்குப் பிறகும், தொடைப் பட்டை அணிய நேரம் பிடிக்கிறது என்று சொல்லி நான்குமுனையோடு நின்றுவிடுபவர்களைக் காணும்போது எனக்கு வருத்தமே மிஞ்சுகிறது. நான் தொடைப் பட்டைகளும் சேர்ந்த ஆறுமுனை பெல்ட் பொருத்தியிருக்கிறேன். தோள் பட்டையின் பின் முனை தோள் உயரத்துக்கு மிகவும் கீழே கட்டப்பட்டிருந்தால் மோதலில் முதுகெலும்பு அழுத்தப்படும் என்பதால், அந்தக் கோணத்தையும் பார்க்க வேண்டும். நான் கார் வாங்கியபோது அதில் இருந்த பெல்ட்டில் தைத்திருந்த எஃப்ஐஏ (உலக மோட்டார் விளையாட்டு அமைப்பு) சீட்டில் அச்சிட்டிருந்த காலாவதி ஆண்டு கடந்திருந்தது. பழைய செவன் வாங்குபவர்கள் எஞ்சினைத் திறந்து பார்ப்பதற்கு முன் அந்தச் சீட்டைப் படிக்கலாம்.

உடலை இருக்கையோடு இறுகக் கட்டிவிட்டால், மோதலில் முன்னே பாய்வது தலை மட்டும்தான். ஹெல்மெட்டின் எடையும் அதோடு சேர்கிறது. மண்டையோட்டின் அடிப்பகுதி முறிவைத் தடுக்கவே ஹான்ஸ் என்னும் கழுத்துக் காப்பை அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராபர்ட் ஹப்பர்ட் உருவாக்கினார். 2001இல் டேடோனா பந்தயத்தில் ஓட்டுநர் டேல் எர்ன்ஹார்ட் இறந்த பிறகு, அமெரிக்கக் கார் பந்தய அமைப்பான நாஸ்கார் இத்தகைய தலைக் காப்பைக் கட்டாயமாக்கியது. ஃபார்முலா 1இல் 2003 முதல் கட்டாயம். டிராக் டேயில் இதை யாரும் கேட்பதில்லை. ஆறுமுனை பெல்ட் அணிபவர் ஹான்ஸையும் அணிய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சாலைக்கான சாதாரண மும்முனை பெல்ட்டோடு மெதுவாக ஓட்டுபவரின் கழுத்தை விட, பந்தய பெல்ட் மட்டும் அணிந்து வேகமாக ஓட்டுபவரின் கழுத்துக்கே ஆபத்து அதிகம்.

கார் கவிழ்ந்தால் தலையைக் காக்க இருக்கைக்குப் பின்னால் நிற்கும் எஃகு வளைவான ரோல் பாரிலும் இதே சிக்கல் உண்டு. அதன் உச்சியிலிருந்து டேஷ்போர்டின் மேல்விளிம்பு வரை ஒரு நேரான கோலை வைத்தால், ஹெல்மெட் அணிந்து உட்கார்ந்தவரின் தலை அந்தக் கோலுக்குக் கீழே, சுமார் 5 செ.மீ. இடைவெளியோடு இருக்க வேண்டும். உயரமானவர்கள் பலர் இந்தச் சோதனையில் தேறுவதில்லை. கேட்டர்ஹாம் தரையைத் தாழ்த்தித் தரும் வசதி வைத்திருக்கிறது. எஸ்வி என்ற அகலமான சேசிஸும் (காரின் அடிச்சட்டம்) உண்டு. டிராக்குக்கு உயரமான ரோல் பாரும் கிடைக்கிறது. அந்த ரோல் பாரே, ஹெல்மெட் இல்லாமல் சாலையில் செல்லும்போது தலைக்குப் பின்னால் நிற்கும் எஃகுக் குழாய் ஆகிவிடுகிறது. முழுக் கூண்டு பொருத்தினால் டிராக்கில் பெரும் பயன். சாலையிலோ வெறுந்தலைக்கு அருகில் இன்னும் பல குழாய்கள். நான் உயரமான ரோல் பாரோடு நிறுத்திக்கொண்டு, அதில் அடர்த்தியான மெத்தை சுற்றியிருக்கிறேன். முன்புறக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் காற்றுத்தடுப்போடு ஓட்டும் நாட்களில் சாலையிலும் ஹெல்மெட் அணிகிறேன்.

நண்பர் ஒருவரின் முதல் தலைமுறை லோட்டஸ் எலீஸை அவ்வப்போது ஓட்டிப் பார்த்திருக்கிறேன். 1996இல் விற்பனைக்கு வந்த அந்தக் காரின் சேசிஸ், அலுமினியப் பட்டைகளை எபாக்சிப் பசையால் ஒட்டிச் செய்தது. சேசிஸின் எடை 68 கிலோ மட்டுமே, முழுக் காரின் எடை சுமார் 725 கிலோ. உயரமான பக்கச் சட்டங்களும், முன்னால் மோதலை உறிஞ்சுவதற்கென்றே வைத்த கூட்டுப்பொருள் அமைப்பும் இருப்பதால், சாலையில் செவனை விட எலீஸில் எனக்குப் பயம் குறைவு. ஆனால் பலமாக மோதி அந்த ஒட்டுச் சேசிஸ் வளைந்துவிட்டால், பெரும்பாலும் அதை முழுதாக மாற்ற வேண்டியதுதான். செவனிலோ, சக்கரத்தைத் தாங்கும் விஷ்போன் முதலில் வளைந்து கூட்டைக் காக்கிறது. அதற்கு மேல் சேதமானால் குழாயை வெட்டிப் புதியதைப் பற்றவைக்கலாம்.

இத்தகைய கார்களில் ஏபிஎஸ் வைத்தால் அவற்றின் இயல்பு கெட்டுவிடும் என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. ஐரோப்பாவில் 125 சிசிக்கு மேற்பட்ட புதிய மோட்டார் சைக்கிள் மாடல்களுக்கு 2016 முதலும், இந்தியாவில் 125 சிசிக்கு மேற்பட்ட எல்லாப் புதிய இருசக்கர வாகனங்களுக்கும் 2019 ஏப்ரல் முதலும் அது கட்டாயம். மோட்டார் சைக்கிளே தாங்கிக்கொள்ளும் ஏபிஎஸ் எடையை 540 கிலோ கார் தாங்காதா? ஏர்பேக் விஷயம் வேறு. சேசிஸ் எப்படி நசுங்கும் என்பதைச் சோதனைகளால் அறிந்து, அதற்கு ஏற்ப அளந்து வைத்தால்தான் ஏர்பேக் பயன்படும்; ஆறுமுனை பெல்ட்டோடு ஹான்ஸும் அணிந்த ஓட்டுநருக்கு அது தரும் கூடுதல் காப்பு சிறிதே.

செவன் வாங்க நினைப்பவர்கள் கூடுதல் குதிரைத்திறனுக்குச் செலவிடுவதற்கு முன் பெல்ட், இருக்கை, ரோல் பார், ஹான்ஸ் என்ற வரிசையில் செலவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். பக்கத்து இருக்கைக்கும் இது பொருந்தும்: என் காரில் இரண்டு இருக்கைகளிலும் ஒரே தர பெல்ட் இருக்கிறது, ரோல் பாரின் கோட்டுக்குக் கீழே தலை அடங்காத எவரையும் நான் டிராக்கில் அழைத்துச் செல்வதில்லை, மோட்டார்வேயில் லாரிகளுக்கு நடுவே யாரையும் அமர்த்திச் செல்வதும் இல்லை.