41,400 ரூபாய் போச்சு! ‘நாடகப் பயண பேக்கேஜ்’ என்று வாட்ஸாப்பில் வந்தால் பணம் போடாதீர்கள்

41,400 ரூபாய். ஆறு பெண்கள், ஆளுக்கு 6,900. இதில் ஒருத்தியின் பென்ஷன் இருக்கிறது, இன்னொருத்தி பால் ஊற்றிச் சேர்த்த காசு இருக்கிறது. இரண்டு பேர் வீட்டில் சொல்லாமல் சீட்டுப் பணத்திலிருந்து எடுத்துக் கொடுத்தது. இன்று காலைதான் சென்னையிலிருந்து திருநெல்வேலி வந்து இறங்கினேன். பையைக்கூடப் பிரிக்கவில்லை. இதை எழுதி முடித்துவிட்டுத்தான் குளிக்கப் போகிறேன்.

புகார் கொடுத்திருப்பதால் ஏமாற்றிய டிராவல்ஸின் பெயர் போடவில்லை. வகையை மட்டும் சொல்கிறேன். ரயில் டிக்கெட், ரூம், வேன், நாடக டிக்கெட் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டி வாட்ஸாப்பிலேயே விற்கிற டிராவல்ஸ். கடை, போர்டு எதுவும் கிடையாது. ஒரு நம்பர், ஒரு லோகோ, நெல்லைத் தமிழில் தேனாகப் பேசும் ஒரு தம்பி, அவ்வளவுதான். இவர்களிடமிருந்து எப்படித் தப்பிப்பது என்று கடைசியில் விரிவாக எழுதுகிறேன்.

நாங்கள் பாளையங்கோட்டையில் ஒரே ஹாஸ்டலில் இருந்து படித்தவர்கள். ஆண்டு விழா நாடகத்தில் என் உயரத்துக்கு எப்போதும் ராஜா வேஷம்தான். அதற்கும் முன்னால், எங்கள் ஊர்ப் பக்கம் கூத்து என்றால் சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாதான். மகுடம் என்கிற மேளத்தை அடிக்க அடிக்க, ஆண்களே சேலை கட்டி விடிய விடிய ஆடும் கணியான் கூத்தைப் பாயில் படுத்தபடி பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். சபா நாடகத்தை டிவியில் பார்த்ததோடு சரி. கூத்துப்பட்டறை மாதிரி நவீன நாடகக் குழுக்கள் பற்றியெல்லாம் பத்திரிகையில் படித்ததோடு சரி. மயிலாப்பூரில் வாழ்க்கைப்பட்ட தோழி ஒருத்தி, “ஏட்டி, கோடையில இங்க சபாக்கள்ல நாடக விழா நடக்கும், புதுசு புதுசா போடுவாங்க, ஒரு தடவையாவது வாங்களேன்” என்று வருஷா வருஷம் கூப்பிடுவாள். ஒருத்திக்குத் தோதுபட்டால் இன்னொருத்திக்கு மருமகள் பிரசவம் வரும். இந்த வருஷம்தான் எல்லோருக்கும் ஒத்துவந்தது.

அப்போதுதான் எங்கள் வாட்ஸாப் குழுவில் அந்த டிராவல்ஸின் விளம்பரம் வந்தது. வியாழன் ராத்திரி ரயில், சென்னையில் மூன்று நாடகம், ரூம், வேன், ஞாயிறு ராத்திரி திரும்பும் ரயில். போன் செய்தேன்.

“யக்கா, நாடகமா? எங்க தாத்தா ராஜபார்ட் கட்டினவருல்லா!” என்றுதான் ஆரம்பித்தான். அம்மைக்குப் பத்தமடை என்றான். எங்கள் கல்லிடைக்குறிச்சிக்காரிக்கு முழங்கால் வலி என்று பேச்சுவாக்கில் சொல்லியிருந்தேன். அடுத்த தடவை அவனே, “முழங்கால் வலிக்கார அக்காவுக்கு லோயர் பெர்த் போட்டுட்டேன் யக்கா, ரூமும் லிஃப்ட் இருக்க இடமாத்தான் பார்த்திருக்கேன்” என்றான். பெற்ற பிள்ளைகளுக்கே நம் முழங்கால் ஞாபகம் இருப்பதில்லை. நாங்கள் ஆறு பேரும் அந்த இடத்தில்தான் விழுந்தோம். பணத்துக்கும் அவன் அவசரப்படவில்லை. “பாதி போதும். நாடக டிக்கெட் உங்க கைக்கு வந்தப்புறம் மீதியப் போடுங்க” என்றான். சொன்னபடி வரிசை எண், க்யூஆர் கோடு எல்லாம் போட்ட மூன்று பிடிஎஃப் வந்தது. மீதியையும் போட்டோம். மொத்தம் 41,400.

ரயில் டிக்கெட்டும் அனுப்பினான். திரும்புவது கன்ஃபர்ம். போவது வெயிட்டிங் லிஸ்ட். கேட்டதற்கு, “ஈ.க்யூ., அதான் எமர்ஜென்சி கோட்டா, போட்டிருக்கேன் யக்கா, கடைசி நேரத்துலதான் விழும், நீங்க தைரியமா ஸ்டேஷனுக்கு வாங்க” என்றான். வியாழன் ராத்திரி நெல்லை ஜங்ஷனில் ஆறு பேரும் பை, தண்ணீர் பாட்டில், புளியோதரைத் தூக்குவாளியோடு நின்றோம். டிக்கெட் பரிசோதகர் பட்டியலைப் பார்த்துவிட்டு, “இந்த டிக்கெட் ரத்தாயிடுச்சும்மா, ஏறக் கூடாது” என்றார். அவரிடமிருந்துதான் விஷயமே தெரிந்தது. முழுக்க வெயிட்டிங்கில் இருக்கும் இ-டிக்கெட், சார்ட் என்கிற கடைசிப் பயணிகள் பட்டியல் போட்டதும் தானாகவே ரத்தாகிவிடும். பணம் எந்தக் கணக்கிலிருந்து டிக்கெட் எடுத்தார்களோ அதே கணக்குக்குத் திரும்பிப் போய்விடும். அதாவது எங்கள் டிக்கெட் காசு ரயில்வேக்குப் போய், பத்திரமாக அவன் சட்டைப் பைக்குத் திரும்பிவிட்டது! இதைத் தெரிந்தே செய்திருக்கிறான்.

போன் எடுக்கவில்லை. வண்ணார்பேட்டைக்கு ஆட்டோ பிடித்து, கிடைத்த ஆம்னி பஸ்ஸில் கேட்ட காசைக் கொடுத்து ஏறினோம். காலையில் கிளாம்பாக்கம். அங்கிருந்து திருவல்லிக்கேணி வரை போவதற்குள் வெயில் ஏறிவிட்டது. லாட்ஜில், “இந்தப் பேர்ல புக்கிங்கே இல்லைம்மா, ஒரு ஆள் போன்ல ரேட் மட்டும் கேட்டாரு” என்றார்கள்.

மயிலாப்பூர்க்காரி மட்டும் இல்லையென்றால் அன்றைக்கே ஊர் திரும்பியிருப்போம். அவள் வீட்டு ஹாலில் பாய் விரித்துப் போட்டு, மத்தியானம் சொதி வைத்தாள். வேளா வேளைக்குச் சோறு போட்டு, ராத்திரி ரெண்டு மணி வரை உட்கார்ந்து எங்கள் புலம்பலையும் கேட்டாள். ஹாஸ்டல் கதையைப் பேசிச் சிரித்ததும் அந்த ஹாலில்தான்.

நாடகக் கதை இன்னும் கேவலம். முதல் நாடகத்துக்கு எழும்பூர் மியூசியம் தியேட்டர் போனோம். 1896-இல் கட்டிய சிவப்புக் கட்டடம், வெளியே நின்று பார்க்கவே அவ்வளவு அழகு. வாசலில் க்யூஆர் ஸ்கேன் செய்த பையன், “மேடம், இது ஏற்கெனவே உள்ள போயிடுச்சு” என்றான். யாரோ ஒருவருடைய ஒரே டிக்கெட்டின் கோடை வெட்டி, எங்கள் ஆறு பேருக்கும் ஒட்டி அனுப்பியிருக்கிறான். புதிதாக டிக்கெட் வாங்கி உள்ளே போனோம். இரண்டாவது நாள், பெசன்ட் நகர் பக்கம் ஒரு சின்ன அரங்கு. டிக்கெட்டை நீட்டினால் அந்தப் பெண் சிரிக்கிறாள். அந்த நாடகத்துக்கு அனுமதி இலவசம்! இலவச நாடகத்துக்கு ஆளுக்கு 400 ரூபாய் கணக்கு எழுதியிருக்கிறான். ஆத்திரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஆனால் அந்த இலவச நாடகம்தான் மூன்றிலும் நல்லது. மேடையே கிடையாது. நான்கு பேர், ஒரு பெஞ்சு, ஒரு பறை. நம் முகத்துக்கு எட்டிய தூரத்தில் நடிக்கிறார்கள், வியர்வை சொட்டுவது தெரிகிறது. கொடையில் பார்த்த கணியான் ஞாபகம் வந்து எங்கள் ஆறு பேரில் ஒருத்தியான அம்பை டீச்சர் அழுதே விட்டாள். மூன்றாவது, ஆழ்வார்பேட்டை சபாவில். மேலே மைக் தொங்க, எல்லோரும் அதற்கு நேர் கீழே வந்து நின்று ஜோக் சொன்னார்கள். சபா கேன்டீன் அடை மட்டும் நன்றாக இருந்தது.

இடையிடையே அந்தத் தம்பியோடு நடந்த கூத்தைச் சொல்லவில்லையே. வெள்ளிக்கிழமை, “சர்வர் டவுன் யக்கா.” அப்புறம், “அக்கவுண்ட்ஸ்ல சொல்லிட்டேன், ஏழு வேலை நாள்ல பணம் ஏறிடும்.” சனிக்கிழமை ஒரு பெண் எடுத்து, “சார் மீட்டிங்ல இருக்காங்க, டீம் உங்களக் கூப்பிடும்” என்றாள். வாட்ஸாப்பை வைத்துப் பிழைக்கிறவனுக்கு என்ன டீம், என்ன மீட்டிங்? போலீசுக்குப் போவோம் என்றதும் ஒரு வாய்ஸ் மெசேஜ்: “நீங்க இப்படிக் கோவமாப் பேசினா நான் எப்படி யக்கா ஹெல்ப் பண்ண முடியும்?” ஊரில் இல்லாத மரியாதை! ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் திரும்பும் டிக்கெட்டின் பி.என்.ஆரைப் பார்த்தால் அதுவும் ரத்து. கன்ஃபர்ம் டிக்கெட்டை அவனே ரத்து செய்து, பிடித்தம் போக மீதிப் பணத்தையும் எடுத்துக்கொண்டான். சண்டை போட்டதற்குத் தண்டனை போல. திரும்பவும் சொந்தக் காசில் பஸ்.

அதோடும் விடவில்லை. கிளம்பும் நேரத்தில் எங்களில் ஏரல்காரிக்கு மட்டும் ஒரு க்யூஆர் அனுப்பி, “யக்கா, இத ஸ்கேன் பண்ணிப் பின் நம்பர் போடுங்க, 41,400 மொத்தமா உங்க கணக்குக்கு வந்துரும்” என்று சொல்லியிருக்கிறான். அவளும் பின் நம்பரைப் பாதி அடித்துவிட்டாள். மயிலாப்பூர்க்காரியின் மகள் பேங்க்கில் வேலை பார்ப்பவள், பாய்ந்து போனைப் பிடுங்கினாள். பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் எதற்கு? பின் போட்டால் பணம் போகத்தான் செய்யும். இப்போது ஆறு பேர் நம்பரையும் பிளாக் செய்துவிட்டான்.

சைபர் மோசடிப் புகாருக்கான 1930 நம்பருக்குப் போன் செய்து புகார் பதிந்தோம். பணம் போட்ட பரிவர்த்தனை எண்கள் கேட்டார்கள், கொடுத்தோம். எங்கள் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனில், “பில் இருக்காம்மா? பில் இல்லாம எப்படி?” என்கிறார்கள். மோசடிக்காரன் பில் போட்டுத் தருவானா?

விரிவாக எழுதுகிறேன் என்றேன், இப்போது தலை பிளக்கிறது. அதனால் சுருக்கமாக. ரயில் டிக்கெட்டை உங்கள் கணக்கிலேயே எடுங்கள், தெரியாவிட்டால் ஸ்டேஷன் கவுண்டரில் எடுங்கள். முன்பதிவு 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கும், அதற்கு முன்பே கன்ஃபர்ம் டிக்கெட் கையில் இருக்கிறது என்று எவன் சொன்னாலும் பொய். சொந்தக் கணக்கில் டிக்கெட் எடுத்து வியாபாரம் செய்வது ரயில்வே சட்டம் 143-ஆவது பிரிவில் குற்றம், அதை முகத்துக்கு நேரே கேளுங்கள். நாடகத்துக்கு நடத்துகிற குழுவிடமோ அரங்கிலோ நேரடியாகக் கேளுங்கள், பாதி நாடகம் இலவசமாகவே இருக்கலாம். லாட்ஜுக்கு நீங்களே போன் போட்டுப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பணம் போனால் அந்த நிமிஷமே 1930. நுகர்வோர் புகாருக்கு 1915. நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, 41,400-க்கு நாங்கள் போகத்தான் போகிறோம்.

இன்னொன்று. பஸ்ஸில் வரும்போதே வேறொரு குழுவில் ‘குற்றாலம் சீசன் பேக்கேஜ், பெண்கள் குழுவுக்குச் சிறப்புத் தள்ளுபடி’ என்று ஒரு விளம்பரம் வந்தது. அதே எழுத்து, அதே லாட்ஜ் படம். டிராவல்ஸ் பெயரும் நம்பரும் மட்டும் வேறு. அந்தப் படத்தில் ஜன்னலோரம் ஒரு பச்சை நாற்காலி இருக்கும், பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.