பட்டுப்புடவை டெஸ்ட்: மோதிரமா, தண்ணியா, நெருப்பா, ப்ளீச்சா?

தங்கச்சி கல்யாணத்துக்கு புடவை எடுக்கப் போனப்ப கடைக்காரர் முந்தி குஞ்சத்துல ஒரு நூல பிச்சு கொளுத்தி காமிச்சாரு, முடி கருகுற வாடை வந்துச்சு, சரி அசல் பட்டுதான்னு வாங்கிட்டு வந்துட்டோம். வீட்ல குறுக்க ஓடுற நூல் ஒண்ண உருவி கொளுத்துனா அது உருகி சுருண்டு கல்லு மாதிரி கருப்பு உருண்டையா நிக்குது. குஞ்சத்துல தொங்குறது பூராவும் பாவு நூல், அதாவது நீளவாக்குல ஓடுறது, அது மட்டும்தான் பட்டு, குறுக்க ஓடுற ஊடை முழுக்க பாலியஸ்டர்! அப்புறந்தான் ஒவ்வொரு டெஸ்ட்டயும் வீட்ல இருக்குற துணிங்கள்ல பண்ணிப் பாத்தேன்.

மோதிரத்துக்குள்ள புடவைய நுழைச்சு பாக்குறத தயவுசெஞ்சு நம்பாதீங்க. மெலிசான பாலியஸ்டர் வழுக்கிட்டு போயிடும், கனமான காஞ்சிபுரம் பட்டு போகவே போகாது. அது துணி எவ்ளோ மெலிசுன்னுதான் சொல்லும், என்ன நூல்னு சொல்லாது.

தண்ணி சொட்டு வைக்கிறது கொஞ்சம் பரவால்ல. காத்துல இருக்குற ஈரத்த பட்டு சாதாரணமா தன் எடையில சுமார் 11% அளவுக்கு இழுத்து வச்சுக்கும், பருத்தி 8.5%, பாலியஸ்டர் வெறும் 0.4%, அதனால பாலியஸ்டர் மேல சொட்டு அப்படியே முத்து மாதிரி நிக்கும். ஆனா கஞ்சி, ஃபினிஷிங் எல்லாம் போட்ட துணில இது ஏமாத்திடும். அதவிட பெரிய பிரச்சினை ரேயான். ஆர்ட் சில்க்னு விக்கிறாங்கல்ல, அந்த ஆர்ட்னா கலை இல்லங்க, ஆர்டிஃபிஷியல்ங்கிறதோட சுருக்கம், பெரும்பாலும் மரக்கூழ்ல செஞ்ச ரேயான்தான், அதுவும் பட்டு மாதிரியே தண்ணிய குடிச்சிடும்.

அங்கதான் நெருப்பு ஜெயிக்குது. பட்டு புரோட்டீன், நம்ம முடி மாதிரிதான், மெதுவா சுருண்டு எரியும், நெருப்ப எடுத்தா பெரும்பாலும் தானா அணைஞ்சிடும், சாம்பல் விரல்ல நசுக்குனா பொடியாகும். ரேயானும் பருத்தியும் பேப்பர் மாதிரி சடசடன்னு எரியும், வாடையும் பேப்பர் வாடைதான், இது ரெண்டயும் நெருப்பால பிரிக்க முடியாது. பாலியஸ்டர் சுமார் 260 டிகிரில உருகுற பிளாஸ்டிக், கரும்புகை, ஆறுனதும் நசுங்காத உருண்டை. நைலானும் உருகி கெட்டியாகும். ஜரிகை இல்லாத எடத்துல பாவு ஒண்ணு ஊடை ஒண்ணு எடுத்து தனித்தனியா கொளுத்துங்க, இடுக்கில புடிச்சு, கீழ தட்டுல தண்ணி வச்சுக்கிட்டு. உருகுறது சூடா விரல்ல ஒட்டுனா தோலோட வந்துடும்.

ஒரே நூல்லயே பட்டையும் வேறொண்ணையும் சேத்து முறுக்கியிருந்தா வாடையில குழம்பிடுவீங்க, அப்ப ப்ளீச்தான் சரி. குளோரின் ப்ளீச்ல போட்டு விட்டா பட்டு கொஞ்ச நேரத்துல கரைஞ்சு போயிடும், மிஞ்சி நிக்கிறது பட்டு இல்ல. கம்பளியும் கரையும், ஆனா பட்டுப்புடவைல யாரு கம்பளி போடப் போறா.

கடைல நின்னுகிட்டு இதெல்லாம் பண்ண முடியாதுன்னா மத்திய பட்டு வாரியம் 2004ல கொண்டுவந்த சில்க் மார்க் லேபில் இருக்கான்னு பாருங்க, ஹோலோகிராமும் தனி நம்பரும் இருக்கும். அது பட்டுக்கு மட்டும்தான், ஜரிகைக்கு இல்ல. பில்லுலயும் 'ப்யூர் சில்க்'னு எழுதச் சொல்லுங்க.

எங்க பில்லுல அப்படி எழுதியிருந்துச்சு. மறுநாளே போய் கல்லால இருந்தவர் முன்னாடியே ரெண்டு நூலையும் கொளுத்தி காமிச்சோம், புடவைய மாத்திக் குடுத்துட்டாங்க.