தோட்டத்தில் நிற்கப்போகும் பழைய டிராக்டர்: மாஸியா, பி-275-ஆ, ஐச்சரா?

பழைய டிராக்டர் ஒன்றை வாங்கி, வீட்டோடு சேர்ந்து கழட்டி மாட்டிக்கொண்டிருக்கிறோம் என்பது வெளியே தெரிந்ததிலிருந்து, எந்த விசேஷத்துக்குப் போனாலும் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்டுவிடுகிறார்: "ஏனுங்க, வாங்குனா எதுங்க வாங்கலாம்?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. நாங்கள் வாங்கியது ஒற்றைச் சிலிண்டர் ஐச்சர். அதனால் தராசு அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும். தெரிந்தே படியுங்கள்.

வண்டி உழைத்துச் சம்பாதிக்க வேண்டும், வாடகை உழவுக்குப் போக வேண்டும் என்றால் இது உங்களுக்கான அலசல் அல்ல. எங்கள் கணக்கு வேறு. அப்பா, அண்ணன், நான், அக்கா மகன், அண்ணன் மகள் என்று ஞாயிற்றுக்கிழமை கூடுகிறவர்கள் கையில் கரி ஒட்டிக்கொள்ள ஒரு வேலை வேண்டும். தென்னைக்கு நடுவே எப்போதாவது ஐந்து கலப்பை போட்டு ஓட்ட வேண்டும். பட்டிப் பொங்கலன்று கழுவிப் பொட்டு வைத்து ஊருக்குள் ஒரு சுற்று வர வேண்டும். அவ்வளவுதான்.

முதலில் கழித்துவிட்டவற்றைச் சொல்லிவிடுகிறேன். ஃபோர்டு 3600 அருமையான வண்டி, ஆனால் சின்ன வண்டி இல்லை. அதை வைத்துக்கொண்டு வாரம் முழுக்க நிறுத்தியிருப்பது பாவம். எச்.எம்.டி. 2511, செக் நாட்டு ஜெட்டரின் வழியில் 1971 முதல் பிஞ்சோரில் செய்தது. இரண்டு சிலிண்டர், எளிமையான கட்டு. ஆனால் எச்.எம்.டி.யின் டிராக்டர் தொழிலையே 2016-இல் மூடிவிட்டார்கள், ஸ்பேருக்குப் பழைய வண்டியைத்தான் உடைக்க வேண்டும். ஸ்வராஜ் 724 பற்றி எனக்குக் கருத்தே இல்லை. 1974-இல் நம் ஆட்களே வடிவமைத்து வந்த வண்டி என்ற மரியாதை உண்டு. ஆனால் நாங்கள் தேடியபோது ஒழுங்கான ஒன்று சிக்கவில்லை, ஓட்டாத வண்டியைப் பற்றி என்ன சொல்வது. டயரைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை. மீதமிருக்கும் மூன்றுக்கும் முன்னால் 6.00-16, பின்னால் 12.4-28 அளவுதான் பொதுவாக வரும்; எங்கும் கிடைக்கும்.

ஆக மூன்று.

மாஸி பெர்குசன் 35, அதன் வாரிசான 1035. கொங்கு நாட்டில் டிராக்டர் என்று கண்ணை மூடிக்கொண்டு நினைத்தால் வருகிற உருவம் இதுதான். இதை இங்கே செய்யும் டாஃபே நிறுவனம் 1960-இல் சென்னையில் தொடங்கியது. என்ஜின் பெர்கின்ஸ் வழிவந்த மூன்று சிலிண்டர். அதைச் செய்யும் சிம்ப்சனும் அதே அமால்கமேஷன்ஸ் குழுமம். கலப்பையைத் தூக்கி இறக்கும் லிஃப்டைப் பொறுத்தவரை மாஸியோடு போட்டி போட மற்ற இரண்டாலும் முடியாது. ஹாரி பெர்குசன் யோசித்த ஹைட்ராலிக் அது. மண் இறுகினால் கலப்பையைத் தானாகவே கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும். பல்லடம், உடுமலைப் பக்கத்துக் கரிசலில் ஓட்டியவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஸ்பேர், மெக்கானிக் இரண்டுக்கும் அலைய வேண்டாம். விற்கப் போனாலும் மாஸிக்குத்தான் கை நீளும்.

மஹிந்திரா பி-275. இங்கிலாந்தின் டான்காஸ்டரில் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் செய்த வண்டி. மஹிந்திராவும் வோல்டாஸும் அவர்களோடு 1963-இல் கூட்டுச் சேர்ந்து இங்கே கொண்டுவந்தார்கள். நான்கு சிலிண்டர், 2.3 லிட்டருக்குக் கொஞ்சம் மேல், 35 குதிரைத்திறன். மூன்றில் சத்தம் மென்மையானது இதுதான். இதே குடும்பத்து டீசல் என்ஜினை மஹிந்திரா ஜீப்பிலும் போட்டார்கள் என்பதால், பழைய ஜீப் பார்க்கிற மெக்கானிக் இதையும் பார்த்துவிடுவார். பழைய பி-275-ஐ ஸ்டார்ட் செய்யும் முன் ஹீட்டர் பிளக்கைச் சூடாக்க வேண்டும். நம் ஊர்ச் சூட்டில் மார்கழி தவிர அது ஒரு குறையே இல்லை. எனக்கு இந்த வண்டியில் அனுபவம் குறைவு. மாமா மகன் வைத்திருந்ததை ஓட்டியிருக்கிறேன், கழட்டியதில்லை. ஆகவே பி-275 வைத்திருப்பவர் வேறு மாதிரி சொன்னால் அவர் பேச்சை நம்புங்கள்.

இதுவரை படித்தால் மாஸியை வாங்கிவிட்டுப் போகலாமே என்றுதான் தோன்றும். எங்களுக்கும் தோன்றியது. முடிவை மாற்றியது ஒரே ஒரு விஷயம்: பொழுதுபோக்கு டிராக்டர் வருஷத்தில் பெரும்பகுதி சாளையில், அதாவது கொட்டகையில், சும்மா நிற்கும். அது ஓடிக் கெடுவதைவிட நின்று கெடுவதுதான் அதிகம்.

நிற்கும்போது என்னென்ன கெடும்? பேட்டரி இறங்கும். டயர் பக்கவாட்டில் வெடிக்கும். கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பெடலைக் கட்டையால் அமுக்கி வைத்துவிட்டுப் போனால் போதும். இவை மூன்று வண்டிக்கும் பொது. வித்தியாசம் வருவது தண்ணீரில்தான்.

நம் ஊர்த் தண்ணீரைப் பற்றி நமக்கே சொல்ல வேண்டுமா? காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கம் பாறையைத் துளைத்து ஆழ்குழாய் போட்டு எடுக்கிற உப்புத்தண்ணீர். குளிக்க வெந்நீர் போடுகிற அண்டாவின் அடியில் வெள்ளையாகச் செதில் கட்டுகிறதே, அதேதான் என்ஜின் பிளாக்கின் உள்ளேயும் ரேடியேட்டர் குழாய்களிலும் கட்டும். ஓடும்போது மாதக்கணக்கில் படிகிற இந்தச் செதிலோடு, நிற்கும்போது துருவும் சேர்ந்துகொள்ளும். மாமா தோட்டத்து மாஸியில் தெர்மோஸ்டாட் மூடியைத் திறந்தபோது உள்ளே தண்ணீர் போகிற வழி சுண்டுவிரல் நுழையாத அளவுக்கு அடைத்திருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் பழுப்பும் வெள்ளையுமாக ஓடு ஓடாகப் பெயர்ந்து வந்தது. பிளாக்கின் பக்கவாட்டில் அடித்திருக்கும் தகர மூடிகளில் ஒன்று விரலால் அழுத்தினாலே நசுங்கியது.

"கூலண்ட் ஊற்றினால் போச்சு" என்பார்கள். சரிதான், புது வண்டிக்கு. நாற்பது வருஷம் வாய்க்கால் தண்ணீரும் போர்வெல் தண்ணீரும் குடித்த பிளாக்கைத்தான் நாம் வாங்குகிறோம். முந்தைய ஓனர்கள் எல்லாரும் ஊற்றிய தண்ணீர் அதற்குள் படிந்து கிடக்கிறது. ரேடியேட்டரைக் கழட்டிக் கொடுத்துச் சுத்தம் செய்யலாம், ஹோஸ் மாற்றலாம், வாட்டர் பம்ப் சீல் மாற்றலாம். பிளாக்கின் உட்புறத்தை வெளியிலிருந்து பார்த்து யாராலும் உறுதி சொல்ல முடியாது.

பழைய ஐச்சரில் இந்தப் பேச்சே இல்லை. காற்றால் குளிரும் என்ஜின். ரேடியேட்டர் கிடையாது, ஹோஸ் கிடையாது, வாட்டர் பம்ப் கிடையாது. ஜெர்மனியின் பவேரியாவிலிருந்த ஐச்சர் நிறுவனத்தோடு சேர்ந்து ஃபரிதாபாத்தில் 1959-இல் வெளிவந்த வண்டியின் வம்சம். இந்தியாவிலேயே கட்டிய முதல் டிராக்டர் என்ற பெயரும் அதற்குத்தான். ஒன்றரை லிட்டருக்கு மேல் கொள்ளளவுள்ள ஒரே சிலிண்டர், 25 குதிரைத்திறன். சிலிண்டரைச் சுற்றித் தகடு தகடாகச் செதில்கள், அவற்றின்மேல் காற்றை அடிக்க ஒரு விசிறி. ஆறு மாதம் நின்றாலும் உள்ளே தேங்கித் துருப்பிடிக்க ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

அடுத்தது டீசல் பம்ப். பழைய மாஸி பலவற்றில் ரோட்டரி பம்ப் இருக்கும். அதன் உள்பாகங்களுக்கு டீசலேதான் மசகு. டேங்க்கில் பாதி டீசலோடு ஐப்பசி மழையில் நிறுத்தி வைத்தால் ஈரம் கோத்து உள்ளே சிக்கிக்கொள்ளும். பிறகு பம்ப் கடைக்குத்தான் போக வேண்டும். மூன்று சிலிண்டருக்கும் அளவு சமமாகப் போகிறதா என்று மெஷினில் ஏற்றிப் பார்த்தாக வேண்டும். ஒற்றைச் சிலிண்டருக்கு ஒரு பிளஞ்சர், ஒரு பைப், ஒரு நாசில். யாரோடும் சமன் செய்ய வேண்டிய வேலை இல்லை.

பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க இதைவிட நல்ல வண்டி இல்லை என்று நான் சொல்வதும் இந்தக் கணக்கில்தான். டாப்பெட் வைப்பது என்றால் வால்வு இடைவெளியைச் சரிசெய்வது. பி-275-இல் அதற்கு எட்டு வால்வு, மாஸியில் ஆறு, இதில் இரண்டு. இடைவெளி அளக்கிற ஃபில்லர் கேஜை எப்படிப் பிடிப்பது என்று புரிந்து முடிப்பதற்குள் வேலையே முடிந்துவிடும். டீசல் வழியில் புகுந்த காற்றை வெளியேற்றுகிற ஏர் எடுப்பதையும் அப்படித்தான் அக்கா மகன் கற்றுக்கொண்டான். ஃபில்டரின் மேல் போல்ட்டை அரைச் சுற்று தளர்த்திவிட்டு, கை பம்ப்பை நிதானமாக அமுக்க வேண்டும். முதலில் நுரையாக வரும், பிறகு பெரிய குமிழியாக வரும், அப்புறம் டீசல் மட்டும் கண்ணாடி மாதிரி வழியும். "மாமா, குமிழி நின்னுருச்சுங்க, திருகட்டுங்களா?" என்று கேட்டுத் திருகினான். நாசில் பைப் நட்டிலும் அதையே ஒருமுறை செய்தான். அடுத்த செல்ஃபில் வண்டி பிடித்துக்கொண்டது. அன்றைக்கு முழுக்க அவனைக் கையில் பிடிக்க முடியவில்லை.

அப்பாவுக்கு இன்னொரு காரணம். கரண்ட் மோட்டார் வருவதற்கு முன் எங்கள் கிணற்றில் ஆயில் என்ஜின்தான். அதுவும் ஒற்றைச் சிலிண்டர். சின்ன வயதில் அதைக் கழட்டி மாட்டியவர், ஐச்சரின் அடி விழுகிற சத்தத்தை வைத்தே டாப்பெட் இடைவெளி கூடியிருக்கிறது என்று சாய்வு நாற்காலியிலிருந்து சொல்கிறார். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கிறது.

குறைகள் இல்லாமல் இல்லை. சூடு ஏறினால் தண்ணீர் வண்டி கொதித்து ஆவி விட்டுச் சொல்லும். காற்று வண்டி அப்படி எச்சரிக்காது. கவனிக்காமல் விட்டால் நேராகப் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். செதில்களுக்கு நடுவே எண்ணெய் கசிந்து, அதன்மேல் சோளத்தட்டுத் தூசி ஒட்டி, வெந்து கெட்டியானால் காற்று போகாது. சோளத்தட்டுப் போருக்குப் பக்கத்தில் நிறுத்தினால் விசிறிக் கூட்டுக்குள் எலி கூடு கட்டும். எங்கள் வீட்டில் ஸ்டார்ட் செய்யும் முன் டார்ச் அடித்து உள்ளே பார்ப்பது அண்ணன் மகளின் வேலை.

அதிர்வும் உண்டு. இவ்வளவு பெரிய ஒற்றை அடி வண்டியையே குலுக்கும். நட்டுகள் தளரும், மட்காடு தாங்கிகளில் விரிசல் விட்டு வெல்டிங்குக்குப் போகும். ஸ்ப்ரிங் வாஷர் இல்லாத இடமே வண்டியில் இருக்கக் கூடாது. ஒரு நாள் முழுக்க ஓட்டினால் இடுப்பு சொல்லும். நாங்கள் ஒரு நாள் முழுக்க ஓட்டுவதில்லை.

ஸ்பேர் கதையைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. ஐச்சர் டிராக்டர் தொழிலையே டாஃபே 2005-இல் வாங்கிவிட்டது, ஆக மாஸியும் ஐச்சரும் இப்போது ஒரே வீட்டுப் பிள்ளைகள். இருந்தாலும் காங்கேயத்தில் காலையில் கேட்டு மதியம் மாட்ட மாஸிக்குத்தான் முடியும். ஐச்சருக்குச் சொல்லி வைத்துக் காத்திருக்க வேண்டும். புஷ், பின், ஸ்டட் மாதிரியானவற்றைக் கோவை கணபதியில் லேத்தில் கொடுத்தே கடைந்துகொள்ளலாம். பருவத்துக்கு உழவு தப்பும் என்ற அவசரம் இருக்கிறவருக்கு இந்தக் காத்திருப்பு பெரிய நஷ்டம். எங்களுக்கு அடுத்த ஞாயிறு என்றால் அடுத்த ஞாயிறு. விற்பனை விலையிலும் ஐச்சர்தான் கடைசி. அதே காரணத்தால் வாங்கும்போதும் ஒரு நல்ல ஸ்கூட்டர் விலைக்குள் முடிந்தது.

காகித விஷயம் மூன்றுக்கும் ஒன்றுதான், ஆனால் இதில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். சொந்த உபயோக வண்டிப் பதிவுக்கு 15 வருஷம்தான் ஆயுள், பிறகு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காட்டி ஐந்து ஐந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். பழைய வண்டிக்கு விண்டேஜ் பதிவு வாங்கிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2021-இல் வந்த அந்த விதி ஐம்பது வருஷம் தாண்டிய இருசக்கர வண்டிக்கும் காருக்கும்தான். டிராக்டர் அதில் வராது. ஆர்.சி. புக் இல்லாத வண்டி மலிவாகக் கிடைக்கும், தோட்டத்து வேலிக்குள்ளேயே ஓட்டுவதாக இருந்தால் எடுங்கள். ஊர்ச் சுற்று வர ஆசையிருந்தால் புக்கும் இன்ஷூரன்ஸும் வேண்டும். எதை வாங்கினாலும் மட்காட்டில் பிள்ளைகளை ஏற்றாதீர்கள். இந்த வயது வண்டிகளில் கவிழ்ந்தால் தாங்குகிற கம்பிக் கூடு கிடையாது.

வாரம் தவறாமல் உழவு ஓட்டப் போகிறீர்கள், கரிசல் மண், கலப்பை ஆழமாக இறங்க வேண்டும் என்றால் மாஸியையே வாங்குங்கள், நானே கூட வந்து பார்த்துத் தருகிறேன். ஐச்சர் பார்க்கப் போகிறவர்கள் பெயின்ட்டையும் சீட்டையும் விட்டுவிட்டு, சிலிண்டரைச் சுற்றியுள்ள காற்றுத் தகட்டைக் கழட்டிக் காட்டச் சொல்லுங்கள். செதில் உடைந்திருக்கிறதா, எண்ணெய் வெந்து கறுத்திருக்கிறதா என்று பார்க்க ஐந்து நிமிஷம் போதும். கழட்ட ஓனர் தயங்கினால் டீ குடித்துவிட்டு அடுத்த வண்டியைப் பார்க்கக் கிளம்பிவிடலாம்.