கப்பலில் அடிபட்டவர்களே, 'தவறு நிர்ணய அறிக்கை'க்குப் பணம் கட்டாதீர்கள்

என் 4,200 டாலர் இனி வராது என்பது நேற்று இரவுதான் உறுதியானது. கோபம் ஆறுவதற்குள் எழுதுகிறேன். நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

கப்பலைத் துறையில் கட்டும்போது மூரிங் கயிறு அறுந்து தெறித்து என் முழங்கையை நொறுக்கிவிட்டது. மருத்துவமனைப் படுக்கையிலிருந்தே, கடல் விபத்து இழப்பீட்டு ஆலோசனை தரும் ஓர் இணையச் சேவையில் விவரத்தைப் பதிந்தேன். பத்தே நிமிடத்தில் ஒருவர் அழைத்தார். "தம்பி, கயிறு முன்னாடியே நைந்திருந்ததா? கயிறு இழுக்கும் வின்ச் இயந்திரத்தில் யார் நின்றது? கயிறு தெறிக்கும் இடத்தில் நீங்கள் நின்றீர்களா?" எல்லாமே சரியான கேள்விகள். கப்பலில் வேலை பார்த்தவர்தான் இப்படிக் கேட்க முடியும் என்று நம்பினேன். வலியில் கிடப்பவனிடம் ஒருவர் பொறுமையாகப் பேசினால் மனசு இளகிவிடுகிறது. "தப்பு யார் மேல் என்று அறிக்கை இல்லாமல் சல்லிக்காசு பெயராது" என்றார். சேமிப்பு 4,200 டாலரையும் அனுப்பினேன்.

அப்புறம் ஏழு வாரம் அலைக்கழித்தார்கள். நிபுணர் பயணத்தில் இருக்கிறார், கோப்பு மேலே போயிருக்கிறது, கப்பல் தரப்பு பதில் தரவில்லை. கடைசியில் வந்த இரண்டு பக்க அறிக்கையில் நான் ஏணியிலிருந்து விழுந்ததாக இருக்கிறது! யாருடைய கதையோ. கேட்டால், "அது வரைவு, திருத்தக் கட்டணம் தனி."

மாலுமிகள் சங்கத்து வழக்கறிஞர் சொன்னதைக் கேட்டு வயிறு எரிந்தது. கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை (மாலுமிகளின் உரிமைகளுக்கான சர்வதேச ஒப்பந்தம்) பொருந்தும் கப்பலில், வேலையில் அடிபட்டால் சிகிச்சைச் செலவுக்கு முதலாளியின் தவறை நிரூபிக்கவே வேண்டாம். ஒப்பந்தத்தில் உள்ள ஊன இழப்பீட்டுக்குக் காப்பீட்டாளரிடம் நாமே நேரடியாகக் கேட்கலாம். அந்தக் காப்பீட்டின் சான்றிதழைக் கப்பலில் எல்லாரும் பார்க்கும்படி ஒட்டுவது 2017 முதல் கட்டாயம்.

அதற்கு மேல் வழக்குப் போடத்தான் தவறு பற்றிய ஆதாரம் வேண்டும். நான் தவறான இடத்தில் நின்றிருந்தாலும், பல நாட்டுச் சட்டங்களில் என் பங்குக்குத் தொகை குறையுமே தவிர வழக்கே போய்விடாது. மூரிங் கயிறுகளைச் சோதித்துப் பதிவு வைப்பது 2024 முதல் கட்டாயம். அந்தப் பதிவை இந்தச் சேவைக்காரர்கள் கேட்டார்களா? இல்லை. கப்பலின் பயணப் பதிவுக் கருவி (விமானக் கருப்புப் பெட்டி மாதிரி) புதிதாக இருந்தால்கூட 30 நாள் தரவைத்தான் உறுதியாக வைத்திருக்கும். அதை அழிக்காதீர்கள் என்று ஒரு கடிதம்கூட அனுப்பவில்லை. 4,200 டாலரோடு என் ஆதாரமும் போனது.

சரி, சொல்கிறேன் என்றேனே: அறுந்த கயிற்றை உடனே படம் எடுங்கள். கூட நின்றவர்களின் எண்ணை வாங்குங்கள். விபத்து அறிக்கையைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். முன்பணம் கேட்டால் அழைப்பைத் துண்டியுங்கள். ஒற்றைக் கையால் இதற்கு மேல் தட்ட முடியவில்லை.